மீண்டும் தலைகாட்டும் கோவிட்: உங்கள் கேள்விகள்

டாக்டர், எங்கள் ஏரியாவில் கோவிட் கூடிவிட்டதா? (வாசகர்)

எந்த ஏரியா? ஊர் பெயர் இல்லாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கடிதத்தோடு வந்த, மாவட்டங்களுக்கு நிறம் பூசிய வாட்ஸ்அப் படத்தில் தேதியும் இல்லை. அது பழைய படம். மலேசியாவில் 2022 ஏப்ரல் மாதமே எண்டமிக் கட்டத்துக்கு, அதாவது நோயோடு வாழப் பழகும் கட்டத்துக்கு மாறிவிட்டோம், அதிலோ இன்னும் தொற்று கூடிய சிவப்பு மண்டலம் இருக்கிறது!

எப்போது பார்த்தாலும் சிலாங்கூர்தான் முதலிடம். அங்கே மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

மோசம் என்று யார் சொன்னது? அங்கே ஆள் அதிகம், அவ்வளவுதான். சிலாங்கூரில் சுமார் 70 லட்சம் பேர், பினாங்கில் 17, 18 லட்சம், பெர்லிசில் 3 லட்சத்தை ஒட்டி. மூன்றையும் வெறும் எண்ணிக்கையில் வரிசைப்படுத்தினால் சிலாங்கூர் முதலில் வராமல் வேறு எது வரும்? மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். இதை நான் எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

அந்தச் சிவப்பு மண்டலக் கணக்கும் இதே கோளாறுதான். அப்போது ஒரு மாவட்டத்தில் 40 சம்பவங்களைத் தாண்டினால் சிவப்பு என்றார்கள். பெட்டாலிங் மாவட்டத்தில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள், கேமரன் மலையில் ஏறக்குறைய 40 ஆயிரம். இரண்டுக்கும் ஒரே கோடு! கேமரனில் 40 பேர் என்றால் ஆயிரத்தில் ஒருவர். பெட்டாலிங்கில் அதே 40, லட்சத்தில் இரண்டு பேர்கூட இல்லை. வரைபடத்தில் மட்டும் இரண்டும் ஒரே நிறம். 2021 நடுவில் லாபுவானைப் பலரும் கவனிக்காமல் விட்டதற்கும் இதுதான் காரணம். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு, தினசரிப் பட்டியலில் சின்ன எண்ணாகத் தெரிந்தது. வகுத்துப் பார்த்தால் அந்த ஜூன் மாதம் நாட்டிலேயே மோசமான நிலை அங்கேதான். வகுத்தல் நாலாம் வகுப்புக் கணக்கு. செய்தி போடுபவர்களும் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

கே.எல்.லில் (கோலாலம்பூரில்) குறைகிறதாம். பினாங்கிலும் குறைந்துவிடும் அல்லவா? (பட்டர்வொர்த் வாசகர்)

அப்படி நம்பி இருக்காதீர்கள். அலை எல்லா மாநிலத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லை. 2021 டெல்டா அலையில் கே.எல்.லும் சிலாங்கூரும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு ஜூலையில் திணறியது. தடுப்பூசியை அங்கே வேகப்படுத்தினார்கள், ஆகஸ்டில் இறங்க ஆரம்பித்தது. பினாங்கு, கிளந்தான், சரவாக் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தன. பினாங்குக்குள்ளேயே தீவின் தென்மேற்கு ஒரு மாதிரி போகும், பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறை வேறு மாதிரி போகும்.

ஒரே நாளில் எண்ணிக்கை இரண்டு மடங்கு. பயப்படலாமா? (கிள்ளான் வாசகர்)

ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். 2021 செப்டம்பர் 11 அன்று 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் அல்ல, பெரும்பகுதி முந்தைய நாட்களில் பதிவாகாமல் கிடந்த கணக்கு. ஞாயிறு முதல் சனி வரை ஒரு தொற்றியல் வாரம். வாரத்தோடு வாரத்தை ஒப்பிடுங்கள்.

வீட்டில் ஆர்டிகே சுயசோதனைக் கிட்டில் தொற்று என்று இரண்டு கோடு வந்தது. இதுவும் மாநிலக் கணக்கில் சேருமா? (ஈப்போ சாலை வாசகி)

சுகாதார அமைச்சின் மைசெஜாத்ரா செயலியில் நீங்கள் பதிவு செய்தால் சேரும். செய்தீர்களா? பெரும்பாலோர் செய்வதில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் நான் தொற்று எண்ணிக்கையைவிட, அந்தந்த மாநிலத்தில் எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஐசியுவில் எத்தனை பேர் என்பதை முதலில் பார்க்கிறேன். கிட் போட்டுப் பார்க்காத ஊரில் தொற்று குறைவாகத்தான் தெரியும்.

புதிய உருமாற்றம் கே.எல்.லில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதாம். அப்படியானால் அங்கிருந்துதான் பரவியதா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

அப்படிச் சொல்லிவிட முடியாது. மரபணு சோதனை அதிகம் நடக்கும் இடத்தில் முதலில் அகப்படும்.

அம்மாவுக்கு 70 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). பினாங்கில் தொற்று குறைவு என்பதால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா? (புக்கிட் மெர்தாஜாம் வாசகி)

அன்று தண்ணீர்மலையில் பினாங்குக்காரர்கள் மட்டுமா நிற்பார்கள்? கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் ஆள் வரும். மாநில எண்ணை மறந்துவிடுங்கள். பூஸ்டர் எப்போது போட்டார் என்று பார்த்து, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, முகக்கவசத்தோடு அழைத்துப் போங்கள். அம்மாவுக்கோ உங்களுக்கோ இருமல் இருந்தால் அன்று வீட்டிலேயே விளக்கேற்றிக்கொள்ளலாம்.