தண்ணீர் ஊசி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. நான்கு வருடமாக இரண்டு பக்கத் தாடையிலும் வலி. காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்லில் மாட்டும் பிளேட், மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில், தாடைத் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று ஊசி போடும் டாக்டருக்கே தெரியாதாம். போடாக்ஸ் விஷம் என்கிறார்களே? சேரலாமா? உப்புநீரிலேயே எனக்கு வலி குறைந்துவிட்டால், இத்தனை நாள் நடித்தேன் என்று ஆகிவிடாதா?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

விஷம்தான். ஆனால் மிகச் சிறிய அளவில், நரம்பு தசைக்கு இடும் கட்டளையைச் சில மாதம் தடுத்துவைக்கப் போடுகிறார்கள். மாறுகண்ணுக்கு அமெரிக்காவில் 1989-லேயே அனுமதி பெற்ற மருந்து. மெல்லும் பலம் குறையலாம், சிரிப்பு கொஞ்ச நாள் கோணலாம். இதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அம்மாவுக்கும் தாடை வலி இருந்தது. துண்டை மோவாயோடு சேர்த்து உச்சியில் முடிந்துகொண்டு அடுப்படியில் நிற்பார். சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றி விழுங்குவார். ஒருநாள் ஊர்க் கம்பவுண்டர் கையில் ஓர் ஊசி போட்டார். அன்று ராத்திரி அம்மா எங்களோடு உட்கார்ந்து முறுக்கு தின்றார். மறுவாரம் கம்பவுண்டர், அது வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். “தண்ணி ஊசிக்கே சரியாப் போச்சே” என்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அம்மா தாடை வலிக்கிறது என்று சொன்னதே இல்லை. துண்டு மட்டும் தலையில் இருந்தது.

1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கடைவாயில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நலோக்ஸோன் கொடுத்தார்கள். மார்பின் போன்ற கடும் வலி மருந்துகளின் வேலையை முறிக்கிற மருந்து அது. குறைந்திருந்த வலி திரும்ப ஏறியது. அப்படியென்றால் மார்பின் மாதிரி ஒன்றை அவர்கள் உடம்பே சுரந்திருக்கிறது. வலியே இல்லாத உடம்பு எதற்காக அதைச் சுரக்க வேண்டும்? எங்கள் வீட்டில் அன்று இதைச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னும் கேளுங்கள். 1980-இல் டென்மார்க் மருத்துவர்கள் தசை வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு மரத்துப்போகும் மருந்தும், மற்றவர்களுக்கு உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். உப்புநீர்க்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே குறைந்தது. உங்களுடைய அதே வலிக்கு, 2011-இல் வெளியான ஸ்வீடன், டென்மார்க் ஆய்வு ஒன்று உண்டு. மற்ற சிகிச்சைகள் பலிக்காத 21 பேர். ஒவ்வொருவருக்கும் போடாக்ஸும் உப்புநீரும் வேறுவேறு காலத்தில் போட்டார்கள். வலி முப்பது சதவீதமாவது குறைந்தவர்களை எண்ணியபோது, போடாக்ஸ் உப்புநீரைத் தெளிவாக முந்தவில்லை. அந்த 21 பேரில் ஒருவரையும் யாரும் நடிகர் என்று சொல்லவில்லை. நீங்கள் மட்டும் ஊசி போடும் முன்பே, உங்கள் கையாலேயே உங்களைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் வலியைத் தின்றவர் எழுதுகிற வரியா அது? இனிமேல் யாருக்கும் அப்படி எழுதாதீர்கள்.

சரி, சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு சிடிஆர்ஐ; அதில் இந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் இருக்க வேண்டும். ஊசிக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உப்புநீர் போட்டவர்களுக்குப் பின்னால் மருந்து தருவார்களா என்றும் கேளுங்கள். கம்பவுண்டர் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதுவே போதும், சேருங்கள்.

உங்களுக்குப் போட்டது உப்புநீர் என்று பிறகு தெரியவந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். அதில் வலி குறைந்திருந்தால் குறைந்தது என்று சொல்லுங்கள். திரும்ப வலித்தால் வலிக்கிறது என்றும் சொல்லுங்கள்.