உங்களுக்கு ரொம்பப் பிடித்த பீர் எது, அறவே பிடிக்காதது எது, ஏன்?

பிடித்தது செக் நாட்டு பில்ஸ்னர் உர்க்கெல். பிடிக்காதது வெள்ளை (நிறமில்லாத கண்ணாடி) பாட்டிலில் வரும் கொரோனா. கொரோனா ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், என் சண்டை அந்த பாட்டிலோடுதான். கேனில் வந்தால் எனக்குப் புகார் இல்லை.

பீரின் கசப்பு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவது. வெளிச்சம் பட்டால் பீரில் இயல்பாக உள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் B2) அதை உள்வாங்கி, அந்தக் கசப்புப் பொருளை உடைத்துவிடும். உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்தால் ரப்பர் கருகியது போல ஒரு வாடை. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழுப்பு பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் கொஞ்சம்தான், வெள்ளை பாட்டில் தடுக்கவே தடுக்காது. கழுத்தில் எலுமிச்சைத் துண்டைச் செருகினால் அந்த வாடை மறைகிறது, அவ்வளவுதான். அமெரிக்க பீரான மில்லர் ஹை லைஃபும் வெள்ளை பாட்டில்தானே என்பீர்கள். அதில் வெளிச்சத்துக்கு உடையாதபடி பதப்படுத்திய ஹாப்ஸ் சாறு சேர்க்கிறார்கள்.

நம்பாதவர்கள் ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஒரு பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை நேர் வெயிலிலும் மற்றதை அலமாரிக்குள்ளும் கால் மணி நேரம் வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள்.

இனி உர்க்கெல். 1842இல் பில்சென் நகரில் யோசப் க்ரோல் என்ற பவேரியர் வடித்த பீர். அந்த ஊர்த் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, அதனால் செக் நாட்டு வகையான சாட்ஸ் ஹாப்ஸை அள்ளிப் போட்டாலும் கசப்பு நாக்கைக் கீறாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கூழில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பார்கள், இப்படி மூன்று முறை. ரொட்டியின் மேல்தோல் மணம் அதில் வருவது. ஆல்கஹால் 4.4% மட்டுமே.

'இதுல கிக்கே இல்லையே' என்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நம்ம ஊர்க் கடைகளில் ஸ்ட்ராங் பீருக்குத்தான் ராஜமரியாதை, 5%க்குக் கீழே கேட்டால் ஏதோ பாவம் செய்தவனைப் போலப் பார்க்கிறார்கள். ருசிக்காகக் குடிப்பவனும் வாடிக்கையாளன்தானே!

ஐஸ் கட்டிய மக்கில் ஊற்றினால் நாக்கு மரத்து மணமும் போய்விடும். 6 முதல் 8 டிகிரி போதும். கிளாஸில் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருந்தால் குமிழிகள் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுரை உடனே அமுங்கிவிடும். நன்றாக அலசி, ஈரத்தோடு ஊற்றுங்கள். உர்க்கெலுக்கு மூன்று விரல் நுரை வேண்டும், அது காற்றுபடாமல் காக்கும். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். நான்கைந்து மாதம் கடை அலமாரியில், அதுவும் நம் வெயிலில் கிடந்ததென்றால் எவ்வளவு நல்ல லாகரிலும் (உர்க்கெல் போலக் குளிரில் நொதிக்கவைக்கும் பீர்) நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறியிருக்கும். அதை வாங்காதீர்கள்.