உபுண்டுவில் என்விடியா டிரைவர் போட்டதும் திரை கறுத்துவிட்டது; விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். பண்டாரவளையில் ஒரு கடையில் மடிக்கணினியைக் காட்டியதாகவும், "இந்தக் கார்டு லினக்ஸில் வேலை செய்யாது" என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் அதே பேச்சைக் கேட்டு வயிறெரிந்தவன் நான்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) மாலைக் கணினி வகுப்பு நடத்துகிறேன். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த பாவித்த கணினிகள்தான் எல்லாம். விண்டோஸ் உரிமத்துக்குப் பணம் கிடையாது. திருட்டுப் பிரதியைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு. அந்தக் கணினிகளில் ஒன்றில் மட்டும் என்விடியாவின் ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளைகள் அந்தக் கணினிக்குத்தான் போட்டி போடுவார்கள்.

நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், "டிரைவர் போட்டால் இன்னும் வேகமாக ஓடும்" என்று யாரோ சொல்ல, டவுனிலிருந்து ஒரு டெக்னீசியனை அழைத்திருக்கிறார்கள். அவர் என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை (.run என்று முடியும் டிரைவர் நிறுவியை) இறக்கி ஓட்டியிருக்கிறார். நிறுவல் பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியபோது திரை 1024க்கு 768இல் ஊதிப்போய் நின்றது. "கார்டு செத்துவிட்டது, புதிது வாங்குங்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு லினக்ஸ்" என்று சொல்லிக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கார்டு சாகவில்லை. எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையை அடித்தால் உள்ளே இருக்கும் சில்லின் பெயரே தெரியும். வந்த விடை ஜிஎஃப்108. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சில்லுகள் சந்தைக்கு வந்தன: ஒன்று பழைய ஃபெர்மி, மற்றது கெப்லர். எங்களுடையது ஃபெர்மி. அதற்குரிய கடைசி டிரைவர் வரிசை 390. அதற்கான ஆதரவை என்விடியா 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. அவர் இறக்கியதோ அதைவிடப் புதிய வரிசை. அது இந்தக் கார்டை அடையாளம் காணவே காணாது. ஆனால் அந்த நிறுவி ஒரு காரியத்தைச் செய்துவிட்டுத்தான் நின்றது. நூவோ என்ற திறந்த மூல டிரைவர் ஏறாதபடி தடைப்பட்டியல் கோப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டது. புதியதும் ஏறவில்லை, இருந்ததற்கும் தடை; திரை அப்படித்தான் வரும். மோட்புரோப்-டி கோப்புறையில் நூவோவை முடக்கிய அந்தக் கோப்பை அழித்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மறுபடி தொடங்கினேன். முழுத்திரை வந்துவிட்டது. 2010 முதல் லினக்ஸின் கருப்பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் நூவோ. எங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

நூவோவில் விளையாட்டு ஓடாது, கார்டில் கணக்கீடு செய்யும் என்விடியாவின் 'கூடா' (CUDA) வசதி இல்லை என்று சிலர் சொல்வீர்கள். தெரியும். நான் சொல்வது பழைய கார்டில் பாடம் படிக்கும் பிள்ளைகளின் கதையை. எந்தக் கார்டு என்று பார்க்காமலே செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி உங்கள் விஷயம். மாதிரியை நீங்கள் எழுதவில்லை. புதிய மடிக்கணினியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் உள்ளே போக வழி வேண்டும். தொடக்கத்தில் எஸ்கேப் பொத்தானை அழுத்தினால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் (GRUB) பட்டியல் வரும். உபுண்டு வரியில் நின்று ஆங்கில 'இ' (e) எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அடியுங்கள். திரை அழகாக இராது, ஆனால் வரும். ரன் கோப்பை ஓட்டியிருந்தால் அதே கோப்பின் அன்இன்ஸ்டால் தெரிவால் அதை அகற்றுங்கள். பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' சாளரத்தில் உபுண்டுவே பரிந்துரைப்பதை மட்டும் போடுங்கள். அங்கே 'ஓப்பன்' என்று முடியும் வகைகளும் இருக்கும். என்விடியா 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட கர்னல் பகுதி அது. 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பழைய கார்டில் அதைத் தேர்ந்தெடுத்தால் டிரைவர் ஏறாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளுக்கோ அது ஒன்றுதான் வழி.

அடுத்தது செக்யூர் பூட் என்ற, கணினி தொடங்கும்போது இயங்கும் பாதுகாப்பு ஏற்பாடு. கையொப்பமில்லாத டிரைவரை அது ஏற்றவிடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டதா? கேட்டிருந்தால், மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத் திரை வந்திருக்கும். அதில் 'என்ரோல் மாக்' (Enroll MOK) என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பத்து விநாடிக்குள் எதையும் அழுத்தாவிட்டால் அது தானாகவே கடந்துபோய்விடும். நல்ல டிரைவரைப் போட்டும் ஏறாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். டிரைவர் நிறுவும்போது, டிகேஎம்எஸ் என்ற கருவி கர்னலுக்கேற்ப அதைக் கட்டும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எல்லாம் அரைகுறை. மடிக்கணினியென்றால் மின்கலம் நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். மேசைக் கணினியில் பாதியில் நின்றிருந்தால், மென்பொருள் நிறுவும் டிபிகேஜி (dpkg) கட்டளையின் கன்ஃபிகர் தெரிவு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, வகுப்புக்கு ஒரு யூபிஎஸ் வாங்க இணையத்தில் ஆர்டர் கொடுத்தேன். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாமல் அந்தப் படிவம் நகரவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயனில் எந்த வீதி? எங்கள் முகவரி தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான். பொதி தோட்டத்து ஆபீஸுக்கு வந்து அங்கேயே கிடந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பொதி என்றால் பரவாயில்லை. நேர்முகத் தேர்வுக் கடிதம் இப்படித்தான் நாள் கடந்து கையில் கிடைத்து வேலை போன பிள்ளை எங்கள் லயனிலேயே இருக்கிறது. எங்கள் மக்கள் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு என்று, 'மலையகம் 200' என்ற பெயரில் 2023இல் நினைவுகூர்ந்தோம். கதவுக்கொரு இலக்கம் கேட்பது பெரிய கோரிக்கையா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டுதான் கிடக்கிறது.

எல்எஸ்பிசிஐ தரும் விடையில் விஜிஏ அல்லது 3டி என்று வரும் வரிகளையும், செக்யூர் பூட் இயங்குகிறதா என்பதையும் இங்கே கீழே எழுதுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் வகுப்பு முடிந்ததும் பார்த்துப் பதில் தருகிறேன். அதுவரை வன்தட்டை எவரும் ஃபார்மெட் செய்ய விடாதீர்கள்.