நியூயார்க்கில் மூடிக் கிடக்கும் சிட்டி ஹால் சுரங்க ரயில் நிலையத்தைப் பார்க்க முடியுமா? அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

பார்க்கலாம். நீங்கள் ஊர் சுற்ற வந்திருப்பீர்கள், கையில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 6ஆம் எண் ரயிலில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம் புரூக்ளின் பிரிட்ஜ், எல்லோரும் இறங்குவார்கள், நீங்கள் இறங்காதீர்கள். ரயில் மறுபடி வடக்கே திரும்ப அந்தப் பழைய நிலையத்தின் வழியாகத்தான் வளைந்து வர வேண்டும். இது சட்டவிரோதம் என்று கமெண்டில் யாராவது வருவார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கத் தடை இல்லை, அங்கே இறங்கத்தான் தடை. இறங்கி நின்று பார்க்க ஆசை என்றால் போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களை அவ்வப்போது அழைத்துப் போகிறது, ஆனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்தேன். என் அப்பா கொத்தனார். இங்கே என்னோடு வந்து தங்கியிருந்தபோது அந்த வண்டியில் கூட்டிப் போனேன். சக்கரம் கிறீச்சிட ரயில் மெதுவாக வளைந்தது. அப்பா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு மேலே பார்த்தார். பித்தளை விளக்குகளையோ பச்சை ஓட்டு வரிகளையோ அவர் கவனிக்கவில்லை. "ஏம்ப்பா, இவ்வளவு வளைவுக்கும் சென்ட்ரிங் எப்படி அடிச்சிருப்பான்?" என்றார்.

சரியான கேள்வி. வளைவு இறுகும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கும் பலகை முட்டுதான் சென்ட்ரிங். ரஃபேல் குவாஸ்தவினோ என்ற வலென்சியாக்காரர் 1881இல் மகனோடு அமெரிக்கா வந்து இந்த ஓட்டு வளைவுக் கூரை வேலையைப் பரப்பினார். நம் ஊர்த் தட்டோடு போல மெல்லிய ஓடுகள். முதல் அடுக்கைச் சட்டென்று இறுகும் ஜிப்சம் கலவையில் ஒட்டுவார்கள், அதனால் கனமான சென்ட்ரிங் தேவைப்படாது. அதன் மேல் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி அடுத்த அடுக்குகளைச் சிமெண்டில் பதிப்பார்கள். நான் இதைச் சொன்னதும் அப்பா நம்பவில்லை, இன்னொரு சுற்று போகலாம் என்றார். போனோம்.

அப்பா மேல் உள்ள பாசத்தில் அளக்கிறேன் என்று நினைக்காதீர்கள், நிலையத்தின் வரலாறும் சாதாரணமானதில்லை. 1900இல் நகரின் முதல் சுரங்க ரயிலுக்கு மண் வெட்டியது இந்த இடத்துக்கு மேலேதான். 1904 அக்டோபர் 27 அன்று முதல் வண்டி இங்கிருந்து கிளம்பியது. கிளப்பி வைக்க வந்த மேயர் மெக்லெல்லன் கைப்பிடியை விடாமல் 103ஆம் தெரு வரை தானே ஓட்டினார். கட்டணம் 5 சென்ட். கட்டடக் கலைஞர்கள் ஹெய்ன்ஸ், லாஃபார்ஜ் இருவரும் இதைப் புதுப் பாதையின் முகமாக நினைத்துத்தான் வடிவமைத்தார்கள். ஆனால் நடைமேடையே வளைவு. நடுக்கதவு வைத்த நீளமான பெட்டிகள் வந்தபிறகு கதவுக்கும் மேடைக்கும் நடுவே ஆபத்தான இடைவெளி விழுந்தது. கூப்பிடு தூரத்தில் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம், அங்கே விரைவு வண்டியும் நிற்கும், அப்புறம் இங்கே யார் வருவார்கள்? 1945 டிசம்பர் 31இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, போர்க் காலத்தில், மேலே பூங்காவிலிருந்து வெளிச்சம் வரும் கூரைக் கண்ணாடிக்குத் தார் பூசியிருந்தார்கள்.

இந்தப் பாதையைக் கட்டியவர்களின் பெருமை சொல்லும் வெண்கலப் பலகைகள் உள்ளே இருக்கின்றன. அதில் ஓடு பதித்தவன் பெயர் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் முதல் பூச்சு வரை அப்பாதான் தலைமைக் கொத்தனார். திறப்பு விழா அன்று கல்வெட்டில் வந்தவர், போனவர், காண்டிராக்டர் எல்லார் பெயரும் இருந்தது. அப்பாவைப் பந்தலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. கரணை பிடித்தவனுக்கு ஒரு வரி எழுதினால் கல்லில் இடமா பற்றாது?

மாஸ்கோ நிலையங்கள் இதைவிட அழகு என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. அவையும் அழகுதான், வேறு வகை.

பகலில் போங்கள், தார் நீங்கிய கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் கொஞ்சம் இறங்கும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் கையை அணைகட்டிக்கொண்டு பாருங்கள், இல்லாவிட்டால் பெட்டி விளக்கின் பிரதிபலிப்புதான் தெரியும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அதே 6ஆம் எண் வண்டியில் கிராண்ட் சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கே ஆய்ஸ்டர் பார் உணவகத்தின் கூரையும் அதே குவாஸ்தவினோ நிறுவனத்தின் வேலை, அதன் வாசலில் உள்ள வளைவுக்கடியில் நின்று அண்ணாந்து பார்க்கக் காசு கிடையாது.