வாசகர் கேள்வி – பதில்: தூணைச் சுற்றிய போர்

கேள்வி: வகுப்பில் உரோமாபுரியின் திராஜன் தூண் படத்தைக் காட்டியபோது, "உச்சியில் இருக்கிறதை ஆர் பாக்கிற, ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. என்னிடம் பதில் இருக்கவில்லை. அதில் இருப்பது முழுவதும் சண்டைதானா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: பிள்ளை கேட்டதைத்தான் கலை வரலாற்றறிஞர்களும் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். பாலமீன்மடு வெளிச்சவீட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறக்குறைய 28 மீற்றர். திராஜன் தூண், பீடத்தை விட்டுவிட்டால், ஏறக்குறைய 30 மீற்றர். பிரமாண்டமான பளிங்கு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே 185 படிகளைக் குடைந்து, வெளியே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமுள்ள சிற்பப்பட்டியை 23 சுற்றாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். உருவங்கள் மட்டும் 2,500க்கு மேல். பட்டியின் அகலத்தை மேலே போகப்போகச் சற்றுக் கூட்டியிருந்தும், கீழே நிற்பவரின் கண்ணுக்கு நாலைந்து சுற்றுக்கு மேல் விவரம் பிடிபடுவது கடினம். இருபுறமும் கிரேக்க நூல்களுக்கும் இலத்தீன் நூல்களுக்குமாக இரண்டு நூலகங்கள் இருந்தமையால், அவற்றின் மேல்தளத்தில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். எஞ்சியதைப் பொறுத்தவரை, என் எண்ணம் இது: கோபுரத்தின் மேல்நிலையில் உள்ள பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தா நாம் கும்பிடுகிறோம்? அவை அங்கே இருக்கின்றன என்று தெரிவதே போதுமானதாக இருக்கிறது. பேரரசன் திராஜன் டேசியரோடு, அதாவது இன்றைய ருமேனியப் பகுதி மக்களோடு, கி.பி. 101–102இலும் 105–106இலும் நடத்திய இரண்டு போர்களும் அளவிட முடியாதவை என்று காட்டுவதற்கு, பார்த்து முடிக்க முடியாத ஒரு சிற்பமே பொருத்தமாகப் பட்டிருக்கும்.

முழுவதும் சண்டையா என்றால், இல்லை. கி.பி. 113இல் திறக்கப்பட்ட அந்தத் தூணில் சண்டைக் காட்சிகளைவிட வேலைக் காட்சிகளே அதிகம். வீரர்கள் மரம் தறிக்கிறார்கள், கோட்டைச் சுவர் எழுப்புகிறார்கள், பேரரசனின் உரையைக் கேட்கிறார்கள். ஓரிடத்தில் நம் பகுதியில் வேளாண்மை வெட்டுவதைப்போல அரிவாளும் கையுமாகக் கோதுமை அறுக்கிறார்கள். அடிச்சுற்றில் டனூப் ஆறு தாடி வைத்த முதியவராக இடுப்பளவு நீரிலிருந்து எழுந்து, படகுப் பாலத்தின்மேல் கடந்து போகும் படையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னோரிடத்தில் காயம்பட்ட குதிரைவீரன் ஒருவனின் தொடையில் மருத்துவன் துணி சுற்றுகிறான். உரோமரில் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; செத்துக் கிடப்பவர்கள் எல்லாம் டேசியர்கள். திராஜன் மட்டும் ஏறக்குறைய அறுபது தடவை வருகிறான்.

கேள்வி: தோற்றவர்களை இத்தகைய வெற்றிச் சின்னங்களில் இழிவாகத்தான் காட்டியிருப்பார்களா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது, அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. டேசியர் உறுதியான உடலும் கம்பீரமான முகமும் கொண்டவர்களாகவே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எதிரி சொத்தியாக இருந்தால் வென்றவனுக்கு என்ன பெருமை? அவர்களது அரசன் டெசிபாலஸ், குதிரைவீரர்கள் சூழ்ந்துவிட்ட நிலையில், ஒரு மரத்தடியில் சாய்ந்து வளைந்த கத்தியைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோகும் காட்சி தூணின் உச்சிக்கு அண்மையில் இருக்கிறது. அரசனை நோக்கிக் கை நீட்டிப் பாய்ந்து வரும் குதிரைவீரன் யாரென்பதும் நமக்குத் தெரியும். திபேரியஸ் குளோடியஸ் மக்சிமஸ் என்ற அந்தப் படைவீரனின் கல்லறைக் கல் வட கிரேக்கத்தில், பழைய பிலிப்பி நகருக்கு அண்மையில், கிடைத்திருக்கிறது. அந்தக் கல்லிலும் இதே காட்சிதான்: குதிரை பாய்கிறது, டெசிபாலஸ் சரிகிறான், அவன் கையிலிருந்து கத்தி விழுகிறது. டெசிபாலசின் தலையைப் பேரரசனிடம் கொண்டுபோனவன் தானே என்று மக்சிமஸ் அதில் பொறித்து வைத்திருக்கிறான். ஆயிரக்கணக்கான உருவங்களுள் ஒன்றாகத் தூணில் பேரில்லாமல் நிற்பவன், தன் சொந்த நடுகல்லில் தன்னைக் கதாநாயகனாக்கிக்கொண்டான்.

தூண் நின்ற சதுக்கமே டேசியாவின் கொள்ளைப் பொருளால் எழுந்தது. கட்டடங்களின் மேற்பகுதியைத் தாங்குவதுபோல, கைகட்டி நிற்கும் டேசியக் கைதிகளின் பெரிய சிலைகளை அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவற்றுள் எட்டு பின்னாளில் பேரரசன் கொன்ஸ்டன்டைனின் வெற்றி வளைவில் வைக்கப்பட்டன. கண்ணகிக்குக் கல்லெடுக்க வடக்கே போன சேரன் செங்குட்டுவன், தோற்ற கனகனதும் விசயனதும் தலையிலேயே அந்தக் கல்லை ஏற்றினான் என்று வைகாசிச் சடங்குக்குப் போகிற ஊர்களில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தோற்றவனைக் கொண்டே நினைவுச் சின்னத்தைச் சுமக்க வைப்பது உரோமர் மட்டும் கண்டுபிடித்த வழியல்ல.

கொடுமையை மூடி மறைக்காத தூணும் உரோமாபுரியில் உண்டு. திராஜனுக்குப் பின்வந்த பேரரசன் மார்க்கஸ் ஒரேலியஸின் தூணில் உளி ஆழமாக இறங்கியிருக்கிறது. கைதிகளின் தலை வெட்டப்படுவதும், பெண்கள் பிள்ளைகளோடு இழுத்துச் செல்லப்படுவதும் அதில் அப்பட்டமாக இருக்கின்றன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குள் ஓர் அரசு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதே மாறியிருக்கிறது. அந்தத் தூணை அழகானது என்று புகழ்ந்து எழுத என்னால் முடியவில்லை.

கேள்வி: கல்லில் வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாதல்லவா?
– ஒரு வாசகி, வாழைச்சேனை

பதில்: மாற்றியிருக்கிறார்கள். கி.பி. 203இல் பேரரசன் செப்டிமியஸ் செவேரசுக்கு உரோமாபுரியில் எடுத்த வெற்றி வளைவில் அவனது இரு மக்களின் பெயர்களும் வெண்கல எழுத்துக்களில் பதிக்கப்பட்டிருந்தன. கி.பி. 211இல் மூத்தவன் கரகல்லா தன் தம்பி கெற்றாவைக் கொல்வித்து, அவன் பெயர் இருந்த வரியைச் செதுக்கி எடுத்து, அந்த இடத்தில் தந்தைக்கும் தனக்கும் புகழ்மொழிகளைப் போட்டு நிரப்பினான். வெண்கல எழுத்துக்கள் பின்னாளில் எல்லாமே போய்விட்டன. ஆனால் முதலில் இருந்த எழுத்துக்களை மாட்டுவதற்குத் துளைத்த துளைகள் கல்லில் அப்படியே இருந்தமையால், அவற்றின் இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கெற்றாவின் பெயரை மீண்டும் வாசித்துவிட்டார்கள்.