கேள்வி – பதில்: ஆறாத வெறுப்பு

கேள்வி: கூட்டுத் தொழிலில் கணக்கை மறைத்து நண்பர் என்னை ஏமாற்றினார். 6 வருடமாக அவரை வெறுக்கிறேன். இது நியாயம்தானே?

பதில்: கோபம் நியாயம். வெறுப்பு வேறு சரக்கு. இரண்டையும் அரிஸ்டாட்டில் அன்றே பிரித்துச் சொன்னார்: கோபக்காரன் எதிராளிக்கு வலிக்க வேண்டும் என்பான், வெறுப்பவன் ஆளே இல்லாமல் போகட்டும் என்பான். கோபத்தைக் காலம் ஆற்றும், வெறுப்பை ஆற்றாது.

உங்களுடையது எது என்று பார்க்க, அவரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். ‘பொய்க் கணக்குக் காட்டினார்’ என்று வந்தால் அது கோபம். ‘அந்தக் குடும்பமே அப்படித்தான்’ என்று வந்தால் கணக்குப் பார்க்காத அவர் பிள்ளைகளையும் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். நியாயம் அந்த இடத்தில் கழன்றுவிடுகிறது.

‘மறந்துவிடு’ என்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். மன்னிப்பது வேறு, மறுபடி உறவாடுவது வேறு, பணத்தை விட்டுக்கொடுப்பது வேறு. மனத்தளவில் மன்னித்துவிட்டு, வழக்கும் நடத்தலாம்.

கேள்வி: தலையணையைக் குத்தித் தீர்த்தால் வெறுப்பு போகுமா? முழுசாகப் போக என்ன வழி?

பதில்: குத்தாதீர்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தார். கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துப்பையை அடித்தவர்களுக்குத்தான் கோபம் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலை. அடிக்க அடிக்க மனம் பகையை ஒத்திகை பார்க்கிறது, அவ்வளவுதான்.

எழுதுவது மேல். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். நீங்கள் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: முதல் இரண்டு நாள் நடந்ததும் நெஞ்சில் பட்டதும், மூன்றாம் நாள் அப்போது அவருக்கு என்ன பயம், என்ன ஆசை இருந்திருக்கும் என்பது, நான்காம் நாள் இனி நீங்கள் செய்ய மிச்சமிருப்பது.

முதல் நாள் எழுதி முடித்ததும் மனம் கனக்கும், அது சகஜம். அதனால் படுக்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம். மூன்றாம் நாளும் முதல் நாள் வாக்கியமே வந்தால் நிறுத்திவிடுங்கள், புண்ணைக் கிளறுகிறீர்கள். எழுதியதைப் படம் பிடித்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காரியத்தைக் கெடுப்பவர்களும் உண்டு! தூக்கம் கெட்டாலோ, யாரையாவது தாக்கத் தோன்றினாலோ மனநல ஆலோசகரிடம் போங்கள்.

முழுசாகப் போகுமா? சிலருக்குப் போகும். பலருக்கு வந்துவந்து போகும். அவர் பெயர் காதில் விழுந்தபின் எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்று குறித்துவையுங்கள். இரண்டு மணி நேரமாக இருந்தது பத்து நிமிடமாகக் குறைந்தால் ஆறுகிறது என்று அர்த்தம்.

ஒன்று: அந்த ஆள் இன்னும் உங்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்தால் இதெல்லாம் அப்புறம். முதலில் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு விலகுங்கள்.

கேள்வி: ஒரு கூட்டத்தையே வெறுப்பவரை அவர்களோடு பழகவிட்டால் மாறுவாரா?

பதில்: வெறுமனே பழகினால் போதாது. எஜமானும் வேலையாளும் தினமும்தான் முகம் பார்க்கிறார்கள். உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் நான்கு நிபந்தனை சொன்னார்: சமமான இடம், பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பதைவிட அது பலன் தரும்.