டிரில் பிட்டில் இருப்பது பூச்சா, வெறும் நிறமா?

தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. தங்க நிற டிரில் பிட் இரண்டு செட் வாங்கியிருக்கிறார், ஒன்று நல்ல விலை, மற்றது மலிவு. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் கரண்ட் பாய்கிறதாம், அப்படியானால் எது உண்மையான டைட்டானியம் நைட்ரைட் (டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த கடினமான பொருள்) பூச்சு?

தம்பி, மீட்டரை எடுத்து வையுங்கள், இதற்கு அது உதவாது. டைட்டானியம் நைட்ரைட் பீங்கான் வகை என்றாலும் கரண்ட்டைக் கடத்தும், செம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடை இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் உலோகத்தில் உள்ளதுபோல எலெக்ட்ரோன்கள் சுதந்திரமாக ஓடித் திரிகின்றன. அந்தத் தங்க நிறமும் அவற்றின் வேலைதான். வெள்ளியில் இருக்கும் எலெக்ட்ரோன்கள் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பிவிடும், அதனால் அது வெண்மை. இதிலோ சிவப்பும் மஞ்சளும் திரும்புகின்றன, நீலத்துக்கு வரும்போது கை நழுவிவிடுகிறது. பூசும்போது நைட்ரஜன் குறைந்தால் வெளிறிப்போகும், கூடினால் செம்பழுப்பாகும். அலுமினியத்தையும் சேர்த்தால் கருநீலச் சாம்பல். (டைட்டானியமே இல்லாமல் அலுமினியம் நைட்ரைட் மட்டும் என்றால் கதையே வேறு, அது கரண்ட்டே கடத்தாது, கண்ணாடி மாதிரி ஒளியை விட்டுவிடும்.)

மலிவு பிட்டில் பூச்சே இல்லாமலும் இருக்கலாம். உருக்கை இருநூறு பாகை செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே சுட்டால் மெல்லிய ஒக்சைட் படலம் வரும், தண்ணீரில் சிந்திய எண்ணெய் மினுங்குவதுபோல அந்தப் படலத்தின் தடிப்புத்தான் வைக்கோல் மஞ்சளாகத் தெரிகிறது. இன்னும் சுட்டால் அதுவே ஊதா, நீலம்.

சோதிக்க ஒரு தேசிக்காய் போதும். சக்கில், அதாவது மெஷினின் வாயில், பிடிக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஒக்சைட் என்றால் நிறம் மங்கிவிடும், நைட்ரைட் அசையாது. அப்புறம் கழுவிக் காயவைத்து எண்ணெய் போடுங்கள், நான் ஒருமுறை மறந்து இரவு முழுக்க விட்டு, காலையில் கறுப்புத் திட்டுத்தான் மிச்சம்.

நல்ல பூச்சும் சில மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புத்தான், நுண்ணிய ஓட்டைகளும் இருக்கும். உங்கள் ஊர் மூடுபனிக்கு அது வழியாகவே உள்ளே துரு பிடிக்கும், எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். சாணை பிடித்தால் நுனியில் பூச்சு போய்விடும், ஆனால் பிட்டின் சுருள் பள்ளங்களில் மிச்சம் இருப்பதால் உலோகச் சீவல் அப்போதும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அதற்காகப் பிட்டைத் தூக்கி வீசிவிடாதீர்கள்.